குளிர் இரும்பு

ஸ்காட்லாந்துக் கரையில் உள்ள மீனவ ஊரான போர்ட்கேரியில் தெருவில் நின்று "ஆண்ட்ரூ மெயர்" என்று கூப்பிட்டால் பதினொரு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பன்னிரண்டாவது ஆளுக்குக் காது கேட்காது. ஊரில் பாதிப்பேர் மெயர், மீதிப்பேர் ஸ்லேட்டர். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதும் தாத்தாவைத் தாண்டி யோசிக்கிற வழக்கம் அங்கே இல்லை. அதனால் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தபால்காரரிலிருந்து வாக்காளர் பட்டியல் எழுதுகிறவர் வரை எல்லாருக்கும் அதுதான் கணக்கு. நம்முடைய ஆண்ட்ரூ மெயருக்கு வாய்த்தது போஸி. அந்தக் கரைப் பேச்சில் போஸி என்றால் கட்டியணைப்பு. அவருடைய தாத்தா ஒரு புயலில் பாய்மரத்தை ஆறு மணி நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்து பிழைத்து வந்தவர். பெயர் பேரன் வரைக்கும் வந்து சேர்ந்தது, கட்டிப்பிடிக்கிற பழக்கம் வரவில்லை. போஸி பெண்டாட்டியையே புத்தாண்டுக்குப் புத்தாண்டுதான் அணைப்பார் என்று ஊர் சொல்லும்.

பதினைந்து வயதில் கடலுக்குப் போனவர், ஐம்பத்தெட்டு வயதிலும் போய்க்கொண்டிருந்தார். படகின் பெயர் எபெனேசர். ஆள் குட்டை, கழுத்து தடிமன், பேச்சு குறைவு. ஆனால் ரேடியோவில் மட்டும் அவரைப் போல ஒரு வாயாடி அந்தக் கடலிலேயே கிடையாது. விடியற்காலையில் வலையை இறக்கிவிட்டு, எல்லாப் படகும் மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கிற ஆறரை மணிக்கு, அரட்டைக்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் போஸியின் குரல் வரும். நாளுக்கு ஒரு வார்த்தை. அது எங்கே பிறந்தது, யார் வீட்டுப் பிள்ளை, எப்படி ஊர் சுற்றி வந்தது என்று ஐந்து நிமிஷம் சொல்வார். மற்ற படகுக்காரர்கள் முதலில் ஊகம் சொல்ல வேண்டும். எல்லாம் தப்பாகத்தான் இருக்கும்.

"இன்னைக்கு டிரவுசர். எந்த ஊர்ச் சரக்கு, சொல்லுங்க."

"லண்டன் தையல்காரன் வார்த்தை," என்பார் ஷாலோம் படகின் தலைவர். அவர் ஸ்லேட்டர் வகையறா, பட்டப்பெயர் வாத்து.

"லண்டன்காரனுக்கு ஏதுய்யா டிரவுசர்? நம்ம மலைக்காரன் அவன் பழைய பாஷை கேலிக்ல ட்ரூஸ்னு சொன்னான். அதைக் கேட்டுத்தான் அவன் காலை மூடிக்கிட்டான். கால் சட்டை நாம குடுத்தது. குளிரு மட்டும் நம்மகிட்டயே தங்கிடுச்சு."

அப்படித்தான் ஒவ்வொன்றும். தேர்தலில் ஸ்லோகன் என்று கத்துகிறார்களே, அது கேலிக்கில் படையின் கூக்குரல். கிளான் என்றால் வெறும் பிள்ளைகள் என்றுதான் அர்த்தம், இன்னும் பின்னே போனால் லத்தீனில் ஒரு கன்று, நட்ட செடி. வாழையடி வாழை என்கிறோமே, அதே எண்ணம் அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. விஸ்கி முதலில் 'உயிர்த் தண்ணீர்' என்று இரண்டு சொல்லாக இருந்தது. "குடிகாரன் உயிரை விட்டுட்டான், தண்ணிய மட்டும் புடிச்சுக்கிட்டான்," என்று போஸி முடித்தபோது ஏழு படகிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நண்டுக்கு அந்தக் கரையில் பார்ட்டன் என்று பெயர். அதுவும் கேலிக். அந்த ஊரில் கேலிக் பேசிய வாய்களெல்லாம் மண்ணாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது, நண்டு மட்டும் பாஷையை விடவில்லை.

இதையெல்லாம் கரையிலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மீனவர் வீட்டுச் சமையலறை ஒவ்வொன்றிலும் படகு அலைவரிசை பிடிக்கிற ரேடியோ ஒன்று ஜன்னலில் இருக்கும். கேட்க முடியும், பதில் பேச முடியாது. புருஷன் உயிரோடு இருக்கிறானா, எத்தனை மணிக்குச் சோறு வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது போதும். போஸியின் மனைவி லிஸ்பெத் முப்பது வருஷமாக அந்த ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அது ஒருநாளும் திருப்பிப் பேசியதில்லை.

வார்த்தைப் பைத்தியம் பிடித்த கதை சின்னதுதான். கோவில் நிதிக்காகப் பழைய சாமான் விற்றபோது, பிடிக்கு எட்டாத ஒரு தடிமனான அகராதியைப் போஸி வாங்கினார், மேஜைக் காலுக்கு அண்டை கொடுக்க. மழையில் படகு கட்டிக் கிடந்த ஒரு வாரம் பொழுது போகாமல் அதைத் திறந்தார், பிறகு மூடவில்லை. ஆனால் படகில் ஏற்றுவதற்கு முன் முதல் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். காலமான போதகர் ஒருவருடைய புத்தகம் அது. பெயரும் பதவியும் முதல் தாளில் மையால் எழுதியிருந்தது.

ஏன் கிழித்தார் என்றால், அந்தக் கரையில் படகின் மேல் சொல்லக் கூடாத வார்த்தைகள் நான்கு உண்டு. பன்றி, சால்மன் மீன், முயல், நான்காவது மினிஸ்டர். நம் ஊர் மந்திரிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம், அங்கே மினிஸ்டர் என்றால் கோவில் போதகர். பன்றியைச் 'சுருட்டைவால்' என்பார்கள். சால்மன் 'சிவப்பு மீன்'. முயல் 'நெடுங்காது'. போதகர் 'கறுப்புக் கோட்டு ஆள்'. வாய் தவறி அசல் வார்த்தை வந்துவிட்டால் "குளிர் இரும்பு" என்று சொல்லி அருகில் உள்ள இரும்பைத் தொட வேண்டும். கடலுக்குப் போகிற வழியில் போதகர் எதிரே வந்தால் இரும்பும் உதவாது. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான், அன்றைக்குப் படகு கிடையாது. படகுக்கு எபெனேசர், ஷாலோம் என்று வேதத்திலிருந்து பெயர் வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வலை தொட மாட்டார்கள், படுக்கையில் சங்கீதம் படிப்பார்கள். ஆனால் படிக்கச் சொல்லிக்கொடுத்தவரின் பதவிப் பெயர் மட்டும் ஆகாது. சிரிக்க வேண்டாம். பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள்தானே நாமும்.

போஸிக்கு இது நம்பிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சு விடுகிற மாதிரி ஒரு பழக்கம். நம்பிக்கை முழுவதும் எக்கியிடம் இருந்தது. எக்கி இருபத்தாறு வருஷமாக எபெனேசரில் வலை பார்க்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஆணி வைத்திருப்பார்.

போஸியின் இந்த வீட்டில்தான் ரோனா பிறந்தாள். ஒரே மகள். அபர்தீனில் பள்ளிக்கூட ஆசிரியை, கணக்கு வாத்தியார். முப்பத்தொரு வயதில் ஒரு சனிக்கிழமை, புகை போட்ட ஹாடக் மீன் சூப் மேஜைக்கு வந்த நேரத்தில் சொன்னாள்.

"அப்பா, நான் இந்த வேலைய விடப் போறேன். திரும்பப் படிக்கப் போறேன். மினிஸ்டர் ஆகலாம்னு இருக்கேன்."

போஸி கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்புப் பக்கம் சாய்ந்து, நெருப்புக் கிளறுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, கம்பிய விடு," என்றாள் லிஸ்பெத். "இது வீடு. படகு இல்ல."

"திங்கக்கிழமை படகு போகுதே," என்றார் போஸி. பிறகு மகளைப் பார்த்து, "நல்லா யோசிச்சியா புள்ள?" என்றார்.

"ரெண்டு வருஷமா யோசிச்சேன்."

"அப்ப சரி."

ரோனா அன்றைக்குச் சிரித்தாள். கம்பியும் கையுமாக உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பு ஐந்து வருஷப் படிப்புக்குக் காணாது. ஊரில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் "படிக்கிறா" என்பார். என்ன படிப்பு என்றால் "பெரிய படிப்பு". கறுப்புக் கோட்டு ஆள் என்றும் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அவள் ஆம்பிளை ஆளும் இல்லை, அவளிடம் இருந்த கோட்டு மஞ்சள் நிறம். எல்லாவற்றுக்கும் வார்த்தை வைத்திருந்தவருக்குத் தன் மகளுக்கென்று ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்று. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்லிக்காட்டவில்லை.

படிப்பு முடிந்து பயிற்சியில் இருந்த வருஷம், மே மாதத்தில், பத்து நாள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஊர்ப் போதகர் வெளியூர் போயிருந்தார். மேலத்தெருவில் ஒரு பாட்டையாவுக்கு முடியவில்லை, துணைக்கு வந்து உட்கார முடியுமா என்று கேட்டு வீட்டுக்கு ஆள் வந்தது. வெள்ளைக் கழுத்துப்பட்டியை மாட்டிக்கொண்டு போனாள். விடிகிற நேரத்தில் அவர் அமைதியாகக் கண்ணை மூடினார். அவர் மகளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, அதிகாலை வெளிச்சத்தில் இறக்கத்தில் நடந்து வந்தாள். அதே நேரம் போஸி தோளில் பையோடு துறைக்கு நடந்துகொண்டிருந்தார். உப்புக் கிடங்கு முனையில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். "அப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். போஸியின் கண்ணில் முதலில் பட்டது முகம் இல்லை, அந்த வெள்ளைப் பட்டி. கால் தானாகத் திரும்பிவிட்டது. பத்தடி நடந்த பிறகுதான், தான் யாருக்கு முதுகைக் காட்டிவிட்டு நடக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அந்தப் பத்தடியில் திரும்பி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. திரும்பி நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதனால் வீடு வரைக்கும் நடந்துவிட்டார்.

கால் மணி நேரம் கழித்து ரோனா வந்தாள். கை கழுவினாள். ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவினாள்.

"கடலுக்குப் போகலையாப்பா?"

"எஞ்சின் கோளாறு."

"ஓ," என்றாள் அவள். ரொட்டியைப் பாதி தின்றுவிட்டு மாடிக்குப் போனாள். விடுமுறையில் இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தும் மறுநாளே கிளம்பினாள்.

அதற்குப் பிறகு தொலைபேசியில் பேச்சு சுருங்கிவிட்டது. அம்மாவோடு அரை மணி, அப்பாவோடு "எப்படி இருக்கீங்க, காத்து எப்படி." இலையுதிர் காலத்தில் ஒரு செய்தி வந்தது. நாலு மைல் தள்ளி உள்ள கின்லோரி சபை அவளை அழைத்திருந்தது. ஒரு வியாழக்கிழமை மாலை பதவியேற்பு. போஸி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அந்த வேலை கிடைச்சாச்சு," என்றார்.

மகள் அதையே திருப்பிச் சொன்னாள்.

"அந்த வேலைதான்ப்பா. நீங்க கட்டாயம் வரணும்னு இல்ல. அங்க எல்லாம் மரத்துல செஞ்ச பெஞ்சு. தொடறதுக்கு இரும்பு கிடைக்காது."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். போஸி ரிசீவரை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். லிஸ்பெத் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"எந்த வார்த்தைக்கும் பாட்டன் பூட்டன் பேரு வரைக்கும் தெரியும் உனக்கு. காலையில எழுந்தா ரேடியோவுல ஊருக்கெல்லாம் பாடம். பெத்த பொண்ணு என்னவா இருக்கான்னு ஒரு வார்த்தை வாயில வருதா?"

"அது வராது லிஸ்பெத். அது..."

"எஞ்சின் கோளாறு. அதானே?"

போஸி திடுக்கிட்டுப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் தெரியாதாக்கும். உன் கால் திரும்பின கதைய ரெண்டு ஜன்னல்ல பார்த்திருக்காங்க. அவ அங்கேயே கல் மாதிரி நின்னாளாம். நீ திரும்பிப் பாப்பேன்னு." லிஸ்பெத் கத்தியைக் கீழே வைத்தாள். "அவ உன்னைக் கேக்கல. நானும் கேக்கல. ஆனா இந்த வியாழக்கிழமை போனா போனதுதான். மக ஊரு நாலு மைல்ல இருக்கும், உனக்கு மட்டும் நாப்பது மைலாயிடும், பாத்துக்க."

போஸிக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் தோட்டத்துக் கொட்டகையில் அகராதியோடு உட்கார்ந்தார். மாற்றுச் சொல் ஒன்று கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று அவருக்கு ஒரு யோசனை. கில்லி என்று ஒன்று இருந்தது, கேலிக்கில் பையன், ஏவலாள். அது வேட்டைக்குப் போகிற துரைமாருக்குப் பை தூக்குகிறவன் பெயராகிவிட்டது, சரிப்படாது. கிளாமர் கண்ணில் பட்டது. இப்போது சினிமா நடிகைக்குச் சொல்வதுதான், ஆனால் ஸ்காட்லாந்துக்காரன் வாயில் கிராமர் என்கிற இலக்கணம் உருமாறிப் பிறந்த வார்த்தை. படித்தவனுக்கு மந்திரம் தெரியும் என்று பயந்த காலத்தில் அதற்கு மயக்கு வித்தை என்று அர்த்தம். ரோனாவின் மஞ்சள் கோட்டை நினைத்துப் பார்த்துவிட்டுப் போஸி அதையும் அடித்தார். எழுதி எழுதி அடித்ததில் ஒரு தாள் நிறைந்தது.

கடைசியில், வேறு வழியில்லாமல், இத்தனை வருஷம் திறக்காத பக்கத்தைத் திறந்தார். இடது கை மேஜையில் இருந்த இரும்புப் பட்டறைப் பிடிப்பானை அழுத்திப் பிடித்திருந்தது, வலது கையால் தாளைப் புரட்டினார். இருந்தது. அவர் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. லத்தீன். பணிவிடை செய்கிறவர், வேலையாள். வேரைப் பார்த்தால் 'சின்ன, குறைந்த' என்று பொருள். போஸி அதை மூன்று தடவை படித்தார். முன்னூறு வருஷமாகப் பெரிய பெரிய ஆம்பிளைகள், பன்னிரண்டடி அலைக்கு அசையாதவர்கள், ஒரு வேலைக்காரரைப் பார்த்துத் திரும்பி ஓடியிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. ஆனால் கை பிடிப்பானை விடவில்லை. அர்த்தம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பது படித்தவர்கள் நம்புகிற இன்னொரு மூடநம்பிக்கை.

வியாழக்கிழமை வந்தது. இறால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாரம், படகை நிறுத்த முடியாது, மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று எபெனேசர் கிளம்பியது. ரோனா முந்தின நாளே வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். போஸி வாசலில் பூட்ஸ் மாட்டும்போது சமையலறை ரேடியோ ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஆறரை மணிக்கு வலை இறங்கி, இழுப்பு ஆரம்பித்தது. சுக்கான் அறையில் எக்கி தேநீர்க் குவளையோடு சாய்ந்திருந்தார். ரேடியோவில் வாத்து கூப்பிட்டார்.

"போஸி, இருக்கியா? இன்னைக்கு எந்த வார்த்தையோட பூர்வீகம்?"

போஸி ஒலிவாங்கியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எக்கி நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கேன்," என்றார் போஸி. "இன்னைக்கு வார்த்தை, மினிஸ்டர்."

எக்கியின் குவளை தரையில் விழுந்தது. அவர் ஜன்னல் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரேடியோவில் இரண்டு நொடி வெறும் இரைச்சல். பிறகு எங்கோ ஒரு படகில் டங் என்று ஒரு சத்தம். இன்னொன்றில் கிளிங். யாரோ குறடால் குழாயைத் தட்டினார்கள், யாரோ சங்கிலியை இழுத்தார்கள், ஒருவன் கிடைத்த வாணலியை அடித்தான் போலிருக்கிறது. ஒருவர் மாற்றி ஒருவர் பொத்தானை அழுத்தி, "குளிர் இரும்பு, குளிர் இரும்பு" என்று முணுமுணுத்தது கடல் முழுவதும் கேட்டது. ஏழு படகிலும் அது ஓய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"போஸி," என்றார் வாத்து, குரலை ரொம்பத் தாழ்த்தி. "நீ எங்கேருந்து பேசறே? கரையிலேருந்தா?"

"சுக்கான் அறையிலேருந்து. வலை தண்ணியில கிடக்கு."

"கடவுளே."

"அவரும் கேக்கட்டும். இது லத்தீன் வார்த்தை. நம்ம ஊர்ச் சரக்கு இல்ல. அர்த்தம் என்னன்னா, வேலைக்காரன். மேஜையில சாப்பாடு வைக்கிறவன். சின்னவன்னு அர்த்தம். லண்டன்ல சர்க்கார் நடத்தறவங்களுக்கும் இதே பேருதான், அவங்களுக்கு அர்த்தம் மறந்து போச்சு. நமக்கு அர்த்தமே தெரியாம பயம் மட்டும் இருந்துச்சு."

எக்கி தாழ்ப்பாளைப் பிடித்தபடியே தலையை மட்டும் ஆட்டினார், ஆமென்றா வேண்டாமென்றா தெரியவில்லை.

"இன்னொன்னு. மே மாசத்துல ஒருநாள் எபெனேசர் வரல, ஞாபகம் இருக்கா? எஞ்சின் கோளாறுன்னு சொன்னேன். எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு. கோளாறு என் கால்ல. எதிர்ல என் பொண்ணு வந்தா. மேலத்தெருப் பாட்டையா சாகற வரைக்கும் கையப் புடிச்சு உக்காந்திருந்துட்டு வர்றா. கழுத்துல பட்டியப் பார்த்துட்டு நான் திரும்பி நடந்துட்டேன். வேலைக்காரியப் பார்த்துத் திரும்பல நான். என் பொண்ணப் பார்த்துத் திரும்பிட்டேன்." அவர் ஒலிவாங்கியை வாய்க்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்தார். "இன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கின்லோரியில ரோனா மெயர் மினிஸ்டர் ஆகறா. என் பொண்ணு. யாருக்கு இரும்பு வேணுமோ புடிச்சுக்குங்க. அவ்வளவுதான்."

ஒலிவாங்கியை மாட்டிவிட்டு இரண்டு கையையும் சுக்கான் மேல் வைத்தார். சுக்கான் மரம். அதைக் கவனித்தவர் எக்கி ஒருவர்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ரேடியோ கரகரத்தது.

"ஷாலோம்லேருந்து பேசறேன். அம்மாடிக்கு எங்க வாழ்த்தைச் சொல்லு போஸி. ஒரு கையில சங்கிலியப் புடிச்சுக்கிட்டுத்தான் சொல்றேன், ஆனா மனசாரத்தான் சொல்றேன்."

அன்றைக்கு இறால் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. நேற்று வந்த அளவுதான் வந்தது. எக்கிக்கு இது பெரிய ஏமாற்றம். கடல் ஒரு பக்கமாவது தீர்ப்புச் சொல்லியிருக்கலாம் என்று துறை வரும்வரை முனகிக்கொண்டே இருந்தார்.

துறையில் யாரும் இல்லை. போஸி கயிற்றைத் தானே கட்டினார். ஒருவேளை முனை வரைக்கும் வந்திருப்பாளோ என்று உப்புக் கிடங்கைப் பார்த்தார், அங்கே ஒரு நாய்தான் இருந்தது. வீட்டில் லிஸ்பெத் அவருடைய கறுப்புக் கோட்டுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டாளா?"

"ரொட்டி கருகிப் போச்சு. அதைச் சுரண்டிச் சுரண்டிப் பாதி ரொட்டி காணாம போச்சு. அப்புறம் கொட்டகைக்குப் போய் என்னத்தையோ உருட்டினா. அப்புறம் கின்லோரிக்குக் கிளம்பிட்டா, பூ அடுக்கணுமாம்."

"ஏதாவது சொன்னாளா?"

"என்கிட்ட எதுக்குச் சொல்றா? நீ அவகிட்டயா சொன்னே? ஊருக்கெல்லாம் சொன்னே." லிஸ்பெத் கோட்டை உதறி அவர் கையில் கொடுத்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "குளிச்சுட்டு வா. மீன் நாத்தம்."

பதவியேற்பு நன்றாகவே நடந்தது. நிறையப் பாட்டு, நிறையப் பிரசங்கம். போஸி நாலாவது வரிசையில் மரப் பெஞ்சில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். அதிசயமாக இரண்டு வரிசை பின்னால் எக்கி வந்து உட்கார்ந்திருந்தார், ஒரு கை சட்டைப் பைக்குள். அவருக்கும் பின்னால் வாத்து, அவர் மனைவி. படகுக்காரர்கள் கோவிலில் கால் வைக்கிற நாளே இல்லை அது, வெறும் வியாழக்கிழமை.

முடிந்ததும் வழக்கப்படி புதுப் போதகர் வாசலில் நின்றார். எல்லாரும் வரிசையாக வந்து கை கொடுத்துவிட்டு, தேநீருக்குப் பக்கத்து ஹாலுக்குப் போனார்கள். வரிசை மெல்ல நகர்ந்தது. முன்னால் போகிறவர்கள் ஒவ்வொருவராக, "வணக்கம் மினிஸ்டர், சந்தோஷம் மினிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு போவது போஸிக்குக் கேட்டது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். காலையில் ரேடியோவில் சொன்னபோது எதிரே முகம் இல்லை. இப்போது இருந்தது, கறுப்பு அங்கியும் வெள்ளைப் பட்டியும் போட்டுக்கொண்டு, அவர் மூக்கையும் லிஸ்பெத்தின் தாடையையும் வைத்துக்கொண்டு.

அவர் முறை வந்தது. ரோனா கையை நீட்டவில்லை, அங்கிப் பைக்குள் விட்டாள். அப்பாவின் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

போஸி கையை நீட்டினார். "வணக்கம், மினிஸ்டர்," என்றார்.

வார்த்தை முழுதாக வந்துவிட்டது.

அவள் அப்போதுதான் அங்கிப் பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் ஏதோ கனமாக உறுத்தியது. போஸி விரலை விரித்துப் பார்த்தார். வலைக் கயிற்றில் மாட்டுகிற பழைய இரும்பு வளையம், அவருடைய கொட்டகையில் கிடந்தது.

"இங்க தொடறதுக்கு இரும்பு கிடைக்காதுன்னு சொன்னேன்ல," என்றாள் ரோனா. கண் நிறைந்திருந்தது, உதடு சிரித்தது. "அதான் நானே கொண்டாந்தேன். உங்களுக்குத் தேவைப்பட்டா."

அந்த வளையம் குளிராக இல்லை. மாலை முழுக்க, பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில், அவள் அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். சுட்ட ரொட்டி போலச் சூடாக இருந்தது. வரிசை நின்றுவிட்டது. பின்னாலிருந்து எக்கியின் குரல் வந்தது.

"தாத்தா பாய்மரத்தைப் புடிச்ச மாதிரி ஒரு தடவை புடிச்சுத் தொலை, போஸி. பேருக்காவது. டீ ஆறுது."

போஸி பிடித்துக்கொண்டார். வளையம் அவள் முதுகுக்கும் அவர் உள்ளங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகத் தேநீருக்குப் போனார்கள்.